ஏ.ரி.பி. பிணைப்பு உடைந்தால் சக்தி வருமா? உயர்தரப் பிள்ளைகளைக் குழப்பாதீர்கள்

கல்லடி வாவி (மாலை 6.10)
நேற்று இரவு உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கென்று காரைதீவான் இங்கே ஏ.ரி.பி. (ATP) பற்றி, அதாவது கலங்களுக்குச் சக்தி தரும் மூன்று பொசுபேற்றுள்ள மூலக்கூறைப் பற்றி, ஒரு குறிப்புப் போட்டிருந்தார். அதில் இப்படி ஒரு வரி: "ஏ.ரி.பி.யின் கடைசிப் பொசுபேற்றுப் பிணைப்புக்குள் சக்தி சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அது உடையும்போது மூலொன்றுக்கு 30.5 கிலோ யூல் வெளியே வந்து கலத்தை ஓட்டுகிறது." இன்று காலை என் இரசாயனவியல் வகுப்பில் மூன்று பிள்ளைகள் இதைக் கைப்பேசியில் காட்டி, "சேர், பிணைப்பு உடைந்தால் சக்தி வரும்தானே?" என்று கேட்கிறார்கள். 22 வருடமாகப் படிப்பித்தது ஒரே இரவில் போனது.

பிணைப்பை உடைக்கச் சக்தி கொடுக்க வேண்டும். எந்தப் பிணைப்பானாலும் சரி. சக்தி வெளிவருவது புதுப் பிணைப்பு உருவாகும்போது. அந்த வரியை நீக்குங்கள்.

காரைதீவான் (மாலை 6.31)
நீக்க மாட்டேன். 30.5 பிழையா? இல்லை. நீர்ப்பகுப்பில் ஏ.ரி.பி. நீரோடு சேர்ந்து, ஒரு பொசுபேற்றுக் குறைந்த ஏ.டி.பி.யும் தனிப் பொசுபேற்றும் ஆகிறதா? ஆகிறது. அதில் சக்தி வருகிறதா? வருகிறது. எந்தப் பிணைப்பு உடைகிறது? நான் சொன்ன அதே கடைசிப் பிணைப்பு. பிறகு என்ன பிழை? 1941இல் உயிர் இரசாயனவியலாளர் லிப்மன் அந்தப் பிணைப்பை நெளிகோடு போட்டுக் காட்டி "உயர்சக்தி" என்று எழுதினார். 1953இல் நோபல் பரிசும் வாங்கினார். கல்லடிச் சேருக்கு அவரையும் திருத்த வேண்டுமாக்கும்.

கல்லடி வாவி (மாலை 6.44)
லிப்மனுக்குப் பரிசு கொடுத்தது நொதியங்களுக்கு உதவும் இணைநொதியம் ஏயைக் கண்டதற்கு. நெளிகோட்டுக்கு அல்ல. பெரிய பெயரைக் கொண்டுவந்து போட்டால் நான் வாயை மூடிவிடுவேன் என்று நினைக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு மூல் ஐதரசன், ஒரு மூல் ஒட்சிசன். ஐதரசன் பிணைப்பு ஒன்றை உடைக்க 436. இரண்டுக்கு 872. ஒட்சிசன் இரட்டைப் பிணைப்புக்கு 498. மொத்தம் 1370 கிலோ யூல் செலவு. நீரில் நான்கு ஓ-எச் பிணைப்பு உருவாகிறது, ஒன்றுக்கு 463 வீதம் 1852 வரவு. மிச்சம் 482. அந்த மிச்சம்தான் நெருப்பு. உடைத்ததால் வந்தது ஒரு யூலும் இல்லை.

ஏ.ரி.பி.யும் இதே சட்டத்துக்குள்தான். பழைய பிணைப்பை உடைக்கச் செலவு, நீரின் ஒட்சிசனோடு புதுப் பிணைப்பு உருவாகும்போது வரவு. அதோடு ஏ.ரி.பி.யில் நான்கு எதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நெருங்கி நிற்கின்றன, பிரிந்ததும் அந்த நெருக்கம் தளர்கிறது. தனிப் பொசுபேற்றுக்குப் பரிவால் (இலத்திரன்கள் பல ஒட்சிசன்களில் பரவி நிற்பதால்) கூடுதல் உறுதி. நீர் மூலக்கூறுகளும் நன்றாகச் சூழ்கின்றன. இதெல்லாம் சேர்ந்துதான் 30.5. "பிணைப்புக்குள் சுருட்டி வைத்த சக்தி" என்று ஒன்று கிடையாது.

செங்கலடிப் பிள்ளை (மாலை 6.52)
சேர் இரண்டு பேருக்கும் வணக்கம். நான் இந்த முறை சோதனை எழுதுகிறேன். கட்டுரை வினாவில் "ஏ.ரி.பி. நீர்ப்பகுப்பில் சக்தி வெளிவிடப்படும்" என்று எழுதினால் போதுமா?

காரைதீவான் (இரவு 7.05)
கல்லடிச் சேர், நீங்கள் எழுதியதையே திரும்ப வாசியுங்கள். "நான்கு ஏற்றங்கள் தள்ளிக்கொண்டு நெருங்கி நிற்கின்றன." அதைத்தான் நான் சுருட்டி வைத்த சக்தி என்கிறேன். எலிப்பொறியை இழுத்து மாட்டி வைக்கிறோம். கொக்கி விலகினால் அடிக்கிறது. கொக்கி விலகாமல் அடிக்குமா? பிணைப்பு உடையாமல் சக்தி வருமா?

கல்லடி வாவி (இரவு 7.11)
எலிப்பொறியில் சக்தி இருப்பது சுருளில். கொக்கியில் அல்ல. நீங்கள் கொக்கிக்குள் சக்தி இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் உவமையே உங்களுக்கு எதிராக நிற்கிறது.

போடியார் பேரன் (இரவு 7.20)
சம்மாந்துறையிலிருந்து எழுதுகிறேன். நான் விவசாயம் படித்தவன், வயலும் செய்கிறேன். முதலில் "பிணைப்புச் சக்தி" என்று இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள் என்று ஆளுக்கொரு வரி எழுதுங்களேன். ஒருவர் தனிப் பிணைப்பைச் சொல்கிறார், மற்றவர் முழு இரசாயனத் தாக்கத்தைச் சொல்கிறார் போலிருக்கிறது.

எனக்கு இதில் முக்கியமானது வேறு. பெரும்போகத்தில் மார்கழி மழைக்கு வயல் மூழ்கினால் பயிரின் வேருக்கு ஒட்சிசன் கிடைக்காது. கலத்துக்குள் ஏ.ரி.பி. செய்யும் இழைமணியின் இலத்திரன் கடத்தும் சங்கிலி நின்றுவிடும். பிறகு நொதித்தல்தான் கதி, ஒரு குளுக்கோசுக்கு இரண்டே ஏ.ரி.பி. காற்று இருந்தால் முப்பதுக்கு மேல். பதினைந்து மடங்கு வித்தியாசம். நெல்லின் முளைக்குருத்து ஒட்சிசன் இல்லாமலே நீளக்கூடியது, அதனால் தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு வாங்கப் பார்க்கும். மற்ற தானியம் பலதுக்கு அது முடியாது. வெள்ளம் வடிய நான்கு நாள் பிந்தினால் என் வயலில் நடப்பது இந்தக் கணக்குத்தான்.

காரைதீவான் (இரவு 7.28)
நல்ல விஷயம் காக்கா. ஆனால் முப்பது என்று குறைக்க வேண்டாம். 38.

கல்லடி வாவி (இரவு 7.30)
38! இதோ அடுத்தது. குளுக்கோசிலிருந்து இலத்திரன்களைச் சங்கிலிக்குக் கொண்டுபோகும் என்.ஏ.டி.எச். (NADH) ஒன்றுக்கு மூன்று ஏ.ரி.பி., எப்.ஏ.டி.எச்.2 (FADH2) ஒன்றுக்கு இரண்டு என்று முழு எண்ணாகப் போட்டு வந்த பழைய கணக்கு அது. அந்தச் சங்கிலி தள்ளும் புரோத்தன்களை எண்ணினால் 2.5, 1.5 தான் வரும். பத்து என்.ஏ.டி.எச்.க்கு 25, இரண்டு எப்.ஏ.டி.எச்.2க்கு 3, நேரடியாக 4. மொத்தம் 32. சில கலங்களில் 30. குறிப்பு எழுதும் முன் புதுப் புத்தகம் ஒன்றைத் திறந்து பார்த்திருக்கலாம்.

காரைதீவான் (இரவு 7.41)
38 என்பது உச்ச எல்லை, எங்கள் காலத்துப் புள்ளித் திட்டத்தில் இருந்தது, அதைப் படித்து எத்தனையோ பேர் மருத்துவ பீடம் போனார்கள். சரி, அதை விடுங்கள். நீங்கள் ஏன் இப்படிப் பாய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கருத்தரங்கில் உங்களுக்குக் கொடுத்த நேரம் முடிந்து நான் மேடைக்கு வந்தேன். அதை இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்கள்.

கல்லடி வாவி (இரவு 7.46)
நேரம் முடியவில்லை. பதினைந்து நிமிடம் மிச்சம் இருந்தது. என் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கி, "இரசாயனம் போதும், இனி உயிருள்ள பாடத்துக்கு வருவோம்" என்றீர்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் இந்தப் பிணைப்புக் கதைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

படுவான்கரை (இரவு 7.55)
எழுவான்கரையார் இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள், எங்கள் பக்கத்து எருமைத் தயிரையும் கொஞ்சம் பாருங்கள். சட்டியில் பால் தயிராவதே பற்றீரியா தன் ஏ.ரி.பி.க்காகச் செய்யும் வேலை. பாலிலுள்ள சீனியைப் பைருவேற்றாக்கி, அதை இலற்றிக்கு அமிலமாக்குகிறது. நமக்குப் புளிப்பு, அதுக்குச் சக்தி. ஒட்சிசன் தேவையே இல்லை.

போடியார் பேரன் (இரவு 8.02)
தம்பி, எருமைத் தயிர் உங்கள் கரைக்கு மட்டும் சொந்தமில்லை. அம்பாறைப் பக்கத்துப் பட்டிகளையும் வந்து பாருங்கள்.

படுவான்கரை (இரவு 8.04)
பட்டி இருக்கலாம் காக்கா. மட்டக்களப்புத் தயிர் என்றுதானே ஊருலகம் கேட்கிறது. சம்மாந்துறைத் தயிர் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?

காரைதீவான் (இரவு 8.15)
தயிர் இருக்கட்டும். கல்லடிச் சேருக்கு வாவியிலிருந்தே ஒரு உதாரணம். பிடித்த மீன் சில மணித்தியாலத்தில் விறைக்கிறது. ஏன்? ஏ.ரி.பி. முடிந்துவிட்டது, உடைவதற்குப் பிணைப்பு இல்லை, சக்தி இல்லை. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

கல்லடி வாவி (இரவு 8.33)
உங்களுக்கு எதிரான உதாரணத்தை நீங்களே தேடித் தருகிறீர்கள். தசையில் மயோசின் என்ற புரதம், அற்றின் என்ற புரத இழையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை விடுவிப்பது ஏ.ரி.பி. வந்து *ஒட்டுவது*. உடைவது அல்ல. ஒட்டியவுடனே பிடி தளர்கிறது, நீர்ப்பகுப்பு அதுக்குப் பிறகுதான். மீன் விறைப்பது வந்து ஒட்டுவதற்கு ஏ.ரி.பி. இல்லாததால்.

இன்னொன்று. 1997இல் நோபல் பரிசு பெற்ற போல் போயர் காட்டியது என்ன? இழைமணியில் ஏ.ரி.பி. செய்யும் சுழலும் நொதியத்தின் மேல் ஏ.டி.பி.யும் பொசுபேற்றும் சேர்ந்து ஏ.ரி.பி. ஆவதற்குச் சக்தி அநேகமாகத் தேவைப்படுவதில்லை. உண்டான ஏ.ரி.பி.யை நொதியத்திலிருந்து கழற்றி வெளியே விடத்தான் சக்தி வேண்டும். புரோத்தன் ஓட்டம் செய்யும் வேலை அது. "பிணைப்புக்குள் சக்தியைச் சுருட்டுவது" உண்மையென்றால் பிணைப்பு உருவாகும் இடத்தில் அல்லவா அந்தச் செலவு விழ வேண்டும்? விழவில்லையே.

காரைதீவான் (இரவு 8.50)
மயோசின் தலை நிமிர்ந்து அடுத்த அடிக்குத் தயாராவது எப்போது? நீர்ப்பகுப்பின்போது. அதாவது பிணைப்பு உடையும்போது. பாதிக் கதையைச் சொல்லி மற்றப் பாதியை மறைத்துவிட்டீர்கள்.

உங்களுக்குக் கலத்தைப் பற்றித் தெரியாது, சோதனைக் குழாயைப் பற்றித்தான் தெரியும். கலத்துக்குள் ஏ.ரி.பி. சும்மா நீரில் உடைவதில்லை. உடைந்தால் சூடு மட்டும்தான் வரும். குளுக்கோசில் பொசுபேற்று ஏற மூலொன்றுக்கு 13.8 கிலோ யூல் தேவை, தானாக நடக்காது. எக்சோகைனேசு என்ற நொதியம் ஏ.ரி.பி.யின் பொசுபேற்றைத் தூக்கி நேரே குளுக்கோசில் வைக்கிறது. 30.5இல் 13.8 போக 16.7 மிச்சம், தாக்கம் முன்னோக்கி ஓடுகிறது. அங்கே நீரின் ஒட்சிசனோடு புதுப் பிணைப்பு எங்கே? இல்லை.

கல்லடி வாவி (இரவு 8.58)
நீரோடு இல்லை. குளுக்கோசின் ஒட்சிசனோடு புதுப் பிணைப்பு. புதுப் பிணைப்பு *உருவாகிறது*. நீங்களே எழுதிவிட்டீர்கள், "குளுக்கோசில் வைக்கிறது" என்று. இதைத்தான் மாலை ஆறு மணியிலிருந்து சொல்கிறேன். அந்த வரியை நீக்குங்கள்.

காரைதீவான் (இரவு 9.01)
வைப்பதுக்கு முன் எங்கிருந்து எடுத்தது? உடைத்துத்தானே எடுத்தது? நீக்க மாட்டேன்.

செங்கலடிப் பிள்ளை (இரவு 9.06)
சேர், என் கேள்வி மேலே இருக்கிறது. "பிணைப்பு உடைந்து" என்ற சொல்லை எழுதவா, விடவா?

வந்தாறுமூலை (இரவு 9.14)
நான் தமிழ்நாட்டிலும் கொஞ்சக் காலம் படித்தேன். அங்கே செல், ஆற்றல், மைட்டோகாண்ட்ரியா. இங்கே கலம், சக்தி, இழைமணி. இந்தக் குழப்பத்தில் பிள்ளைகள் எதைத் தேடி வாசிப்பது? "பிணைப்புச் சக்தி" என்ற சொல்லே இரண்டு பொருளில் ஓடுகிறது. உடைக்கத் தேவையான சக்தி என்பது இரசாயனத்தாருக்கு. சேமித்த சக்தி என்பது உயிரியலாருக்கு.

காரைதீவான் (இரவு 9.20)
கலம் நல்ல தமிழ். அதைக் கைவிட வேண்டாம். விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் எங்களுடையது, விஞ்ஞானப் பட்டம் பெற்ற துறவி அவர். சொல் விஷயத்தில் காரைதீவுக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

கல்லடி வாவி (இரவு 9.24)
அடிகள் பிறந்த ஊர் என்பதற்காகப் பிழையான குறிப்புச் சரியாகிவிடாது. அவர் எங்கள் கல்லடியிலும் பள்ளிக்கூடம் கட்டினார். அதை நான் இங்கே இழுத்தேனா?

வந்தாறுமூலைத் தம்பிக்கு: இரண்டு பொருள் கிடையாது. ஒன்று சரி, மற்றது பிழை. இன்னும் ஒன்று சொல்கிறேன், 30.5 என்பதே நியம நிபந்தனையில், அதாவது எல்லாம் ஒரே குறித்த செறிவில் இருக்கும்போது, உள்ள எண். கலத்துக்குள் ஏ.ரி.பி. நிறைய, ஏ.டி.பி. கொஞ்சம், சமநிலையிலிருந்து வெகுதூரம் தள்ளி வைத்திருக்கிறது கலம். அதனால் அங்கே கிடைப்பது 50ஐ ஒட்டி வரும். ஒரே பிணைப்பு, சோதனைக் குழாயில் 30.5, கலத்தில் 50. சக்தி பிணைப்புக்குள்ளேயே சுருண்டு கிடந்தால் இடத்துக்கு இடம் எப்படி மாறும்? காரைதீவான் இதுக்குப் பதில் சொல்லட்டும். மூச்சு நின்று சமநிலைக்கு வந்துவிட்டால் ஏ.ரி.பி. எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் அதால் ஒரு வேலையும் நடக்காது. செத்த கலம் அதுதான்.

போடியார் பேரன் (இரவு 9.37)
இது நல்ல கேள்வி. பதில் வருகிறதா பார்ப்போம்.

காரைதீவான் (இரவு 9.52)
30.5 என்று நான் எழுதினேன், பாடப் புத்தகத்திலும் அதுவே இருக்கிறது. 50 என்றால் இன்னும் நல்லது, உடையும்போது இன்னும் கூடுதலாகச் சக்தி வருகிறது என்றுதானே ஆகிறது?

கல்லடி வாவி (இரவு 9.55)
நான் கேட்டது அதல்ல.

காரைதீவான் (இரவு 9.56)
நான் சொல்வது அதுதான்.

கல்லடி வாவி (இரவு 10.03)
நாளை ஆறு மணிக்கு வகுப்பு. முடிந்து வந்து மிச்சத்தை எழுதுகிறேன். அதுக்கிடையில் உடைப்பதாலேயே சக்தி தரும் ஒரு பிணைப்பு, ஒன்றே ஒன்று, உலகத்தில் எங்கே இருந்தாலும் காட்டுங்கள்.

காரைதீவான் (இரவு 10.04)
ஏ.ரி.பி.யின் கடைசிப் பொசுபேற்றுப் பிணைப்பு. குறிப்பில் இருக்கிறது.