விடுமுறை நாளில் கூரைச் சோலரை நிறுத்தச் சொல்வது நியாயமா?

கரவெட்டியான்:
2025 பெப்ரவரி 9, ஞாயிறு. பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனது. பழி கூரைச் சோலரிலும் விழுந்தது. ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக்கு, பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. 2016இல் சூரிய பல சங்கிராமய என்ற கூரைச் சோலர் திட்டத்தைச் சொல்லிப் போடச் சொன்னதும் அரசுதான். கடன் எடுத்துப் போட்ட சனம் தவணையை எதைக் கொண்டு கட்டுவது?

திருமலை50:
அண்ணை, இது பழி இல்லை, பௌதிகம். நீர், நிலக்கரி நிலையங்களில் பல தொன் எடைச் சுழலி சுற்றுகிறது. ஒரு இயந்திரம் திடீரென நின்றால் அந்தச் சுழற்சி சில விநாடி தாங்கும். பனலின் மின்னை வீட்டு மின்னாக மாற்றும் சாதாரண இன்வேட்டரில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை. ஞாயிறு மதியம் தேவை குறைவு, வெயில் உச்சம், ஓடும் சுழலியும் குறைவு. அதிர்வெண் 50 ஹேட்ஸிலிருந்து சறுக்கினால் ரிலே என்ற தானியங்கிக் காவல் கருவி சில ஃபீடர்களை, அதாவது ஊர்களுக்குப் போகும் லைன்களை, வெட்டும். இரவில் அது சுமையைக் குறைக்கும். பகலில் அந்த ஃபீடரே மின் தந்துகொண்டிருந்தால் வெட்டுப்படுவது உற்பத்தி. விழுகிறவனைப் பிடிக்கப் போய்த் தள்ளிவிட்ட கதைதான்.

கரவெட்டியான்:
அப்ப நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தைக் குறைக்கலாமே?

திருமலை50:
300 மெகாவாற் இயந்திரங்கள் மூன்று. கொதிகலனை மதியம் அணைத்துவிட்டு இரவு ஏழு மணிக்குத் திருப்பி ஏற்ற முடியாது. குறைந்தபட்சச் சுமையில் ஓடித்தான் ஆக வேண்டும்.

வவுனியா_வயரிங்:
இரண்டு பேரும் நாட்டைப் பார்க்கிறீர்கள், ஒழுங்கையைப் பாருங்கோ. 5 கிலோவாற் சிங்கிள் ஃபேஸ் இன்வேட்டர் தள்ளுவது 22 அம்பியர். 70 சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கம்பியில் ட்ரான்ஸ்போமரிலிருந்து 500 மீற்றர் தள்ளி வீடு என்றால், ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து தடை 0.44 ஓம் அளவில் வரும். ஒரு வீடே 10 வோல்ட் உயர்த்தும். அதே ஃபேஸில் இரண்டு வீடு சேர்ந்தால் 230 வோல்ட் 250 ஆகும். வழமையான வரம்பு 230க்கு மேல் 6 வீதம், அதாவது 243.8. இன்வேட்டர் வெட்டும், திரும்ப வரும், திரும்ப வெட்டும். சனம் பனலைக் குறை சொல்லும். ட்ரான்ஸ்போமரில் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டாப்பை ஒரு படி, 2.5 வீதம், இறக்கினால் மதியம் சரியாகும். ஆனால் இரவு வோல்ட்டேஜ் குறைந்து கடைசி வீட்டில் மோட்டர் இழுக்காது. முதலில் மூன்று ஃபேஸுக்கும் வீடுகளைப் பிரிக்க வேண்டும். செலவு குறைந்த வேலை, அதையே செய்யாமல் விடுகிறார்கள்.

கரவெட்டியான்:
பற்றரி?

வவுனியா_வயரிங்:
10 கிலோவாற் மணி லித்தியம் பற்றரி போதும். பத்து மணி முதல் இரண்டு மணி வரை 2.5 கிலோவாற்றில் ஏற்றினால் லைனுக்குப் போவது பாதி, வோல்ட்டேஜ் உயர்வும் பாதி. பிழை எங்கே என்றால், நேரம் செற் பண்ணாமல் விட்டால் காலையிலேயே ஏறத் தொடங்கி உச்ச வெயிலுக்கு முன் நிறைந்துவிடும். பிறகு பற்றரி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

திருமலை50:
அதோடு உடன்படுகிறேன் தம்பி. ஆனால் அதுவரை நிறுத்தச் சொல்வதைத் தவிர வழியில்லை.

கரவெட்டியான்:
நிறுத்தச் சொல்லுங்கோ. நிறுத்திய யூனிட்டுக்குக் காசும் தாருங்கோ. லைனைப் பலப்படுத்தாத செலவு கூரைக்காரன் தலையில் விழக் கூடாது.