ஜிக்சா முறையில் பாடம் நடத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கட்டக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. கயிறு போயும் பெஞ்சு பிரிந்துதான் கிடக்கிறது. அறிவுரைக் கூட்டம் போட்டால் கைதட்டிவிட்டு அவரவர் பக்கம் போய்விடுகிறார்கள்.

அதனால் உளவியலாளர் எலியட் ஆரன்சனின் ஜிக்சா முறையை முயலலாம் என்றிருக்கிறேன். 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது மூண்ட அடிதடியைத் தணிக்க உருவானது இது. ஐந்தாறு பேர் கொண்ட கலப்புக் குழு. பாடத்தில் ஆளுக்கு ஒரு துண்டு. ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் கூடிப் படித்துவிட்டு, அப்புறம் தங்கள் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித்தர வேண்டும். மற்றவன் பேசுவதைக் கேட்காவிட்டால் தேர்வில் திண்டாட்டம்தான். ‘நட்பாக இருங்கள்’ என்று யாரும் உபதேசிப்பதில்லை, எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஆனால் சும்மா கலந்து உட்காரவைத்தால் போதாது, குழுவுக்குள் சம அந்தஸ்து வேண்டும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954லேயே எழுதிவிட்டார். என் பயமும் அங்கேதான். வாசிக்கத் திணறும் பையன் தன் துண்டைச் சொல்லும்போது திக்கினால், “உங்க ஆளுங்களே இப்படித்தான்” என்று ஆரம்பித்துவிட மாட்டார்களா?

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: குழுவை நீங்களே பிரித்தீர்களா, சீட்டுக் குலுக்கினீர்களா? பெற்றோர் சண்டைக்கு வந்தால் எப்படிச் சமாளித்தீர்கள்? பள்ளி ஆலோசகர்கள் இருந்தாலும் வழி சொல்லுங்கள். பின்னூட்டத்தில் ஊர்ப் பெயர், சாதிப் பெயர் மட்டும் வேண்டாம்.