வீட்டில் சோப்பு: காஸ்டிக் சோடாவைச் சமையலறைக்குள் விடலாமா?

மாரத்தஹள்ளி மாமி:
எங்கள் அபார்ட்மென்ட் தமிழ்க் குழுவில் ஒருவர், "மாமி ஆசிட் ஊற்றி சோப்பு செய்கிறார்" என்று கிளப்பிவிட்டார். அது ஆசிட் இல்லை, காஸ்டிக் சோடா என்கிற காரம். இரண்டு வருடமாக பால்கனியில் செய்கிறேன். என் கணக்கு இதுதான்: தேங்காய் எண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50. காஸ்டிக் சோடா 77 கிராம், தண்ணீர் 165. காரத்தைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தண்ணீரைக் காரத்தின் மேல் ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். கரைசல் ஆறியதும் எண்ணெயில் ஊற்றி, தோசை மாவுப் பதம் வரும்வரை ஹேண்ட் பிளெண்டரால் அடிப்பேன். அச்சில் ஊற்றி, மறுநாள் வெட்டி, ஆறு வாரம் காற்றாட வைத்துவிடுவேன். கெமிக்கலே இல்லாத சோப்பு. டேங்கர் தண்ணீரில் வறண்டு போகிற தோலுக்கு இதுதான் மருந்து.

இரண்டு வாலுகளின் அப்பா:
மாமி, அந்தக் "கிளப்பிவிட்டவர்" நான்தான். ஆசிட் என்றது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயம் தப்பில்லை. கல் உப்பு மாதிரி வெள்ளையாக இருக்கும் ஒரு பொருள். என் சின்னவன் சர்க்கரை டப்பாவைத் திறந்து நக்குகிறவன். இரண்டு பெட்ரூம் வீட்டில் அதை எங்கே ஒளிப்பது? கடையில் சோப் பேஸ் என்று, ஏற்கெனவே சோப்பாகிவிட்ட கட்டியை விற்கிறார்கள். உருக்கி, வாசனை சேர்த்து, அச்சில் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. காரத்தைத் தொடவே வேண்டாம்.

மாரத்தஹள்ளி மாமி:
பாக்கெட் மாவு வாங்கி இட்லி ஊற்றிவிட்டு, "நானே அரைத்தேன்" என்கிற மாதிரி இருக்கிறது தம்பி. அந்தக் கட்டிக்குள் என்ன எண்ணெய் என்று உங்களுக்குத் தெரியுமா?

பொழுதுபோகாதவன்:
என் பாட்டி பயத்தம்மாவு, நலங்கு மாவோடு 84 வயது வரை இருந்தார். இரண்டு பேரும் வீணாகச் சண்டை போடுகிறீர்கள்.

ஓய்வுபெற்ற கெமிஸ்ட்:
முப்பது வருடம் ஆய்வகத்தில் குப்பை கொட்டியவன் என்பதால் நுழைகிறேன். மாமி, உங்கள் 77 சரிதான். மூன்று எண்ணெய்க்கும் சேர்த்து 81 கிராம் காரம் வேண்டும். 5 சதவீதம் குறைத்திருக்கிறீர்கள், கொஞ்சம் எண்ணெய் மிஞ்சித் தோலைக் காக்கும். ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும். அரை கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 87 கிராம் சரி. அதே 87-ஐ அரை கிலோ நல்லெண்ணெயில் கொட்டினால் ஏறக்குறைய 20 கிராம் காரம் சும்மா மிஞ்சும். அந்தக் கட்டியைக் குழந்தை முதுகில் தேய்த்துப் பாருங்கள், தெரியும். ஸ்பூன் அளவு, கண் அளவெல்லாம் இங்கே வேண்டாம். டிஜிட்டல் தராசு இல்லையென்றால் இறங்காதீர்கள்.

அப்புறம் "கெமிக்கலே இல்லாத" என்ற பேச்சை விடுங்கள். எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பும் கிளிசரினும் ஆவதே ரசாயன வினைதான். மைசூர் மகாராஜா 1916-இல் நம் பெங்களூரில் தொடங்கிய சந்தன சோப்பு ஆலைக்கும் இதுதான் அடிப்படை. உங்களிடம் கிளிசரின் கட்டியிலேயே தங்கிவிடுகிறது. பெரிய ஆலைகளில் பெரும்பாலும் பிரித்துத் தனியாக விற்றுவிடுவார்கள். அந்த ஒரு பெருமை உங்களுக்கு உண்டு. டேங்கர் தண்ணீருக்கு மருந்து என்றது மட்டும் தப்பு. உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் எந்த சோப்போடும் சேர்ந்து வெள்ளைப் படலம் கட்டும். உங்கள் பக்கெட் விளிம்பைப் பாருங்கள்.

மாரத்தஹள்ளி மாமி:
பார்த்தேன். இருக்கிறது. 😐 ஆனால் கை முன்பு மாதிரி வெடிக்கவில்லை, அதை எப்படி மறுப்பேன்?

ஓய்வுபெற்ற கெமிஸ்ட்:
மறுக்க வேண்டாம். மிஞ்சிய எண்ணெயும் கிளிசரினும் செய்கிற வேலை. தண்ணீரை அது மாற்றவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வாலுகளின் அப்பா:
சரி சார், விபத்து நடந்தால்? காரம் பட்டால் எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்தேன்.

ஓய்வுபெற்ற கெமிஸ்ட்:
அய்யோ, கூடாது! புளிப்பும் காரமும் மோதினால் அங்கேயே சூடு கிளம்பும். குழாயைத் திறந்து பதினைந்து இருபது நிமிடம் தண்ணீரிலேயே காட்டுங்கள், நனைந்த துணியைக் கழற்றுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் டப்பாவையே திறக்கக் கூடாது.

மாரத்தஹள்ளி மாமி:
நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். முதல் தடவை அலுமினியக் கரண்டியால் கலக்கினேன். நுரைத்துப் பொங்கி, கரண்டி கறுத்துப் போய்விட்டது. அன்று முதல் எவர்சில்வர் மட்டும்தான், அதுவும் சோப்புக்கென்று தனிப் பாத்திரம். காரம் பூட்டிய டிரங்குப் பெட்டியில், அது லாஃப்ட்டில். சாவி என் தாலிக்கொடியில் இல்லை, ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

பொழுதுபோகாதவன்:
இவ்வளவு பாடுபட்டு விற்றால் லாபமா?

ஓய்வுபெற்ற கெமிஸ்ட்:
விற்பதற்கென்று செய்தால் 2020 அழகுசாதன விதிகளின்படி உற்பத்தி உரிமம் வேண்டும் தம்பி. ஸ்டால் போடும் பலருக்கு இது தெரியாது.

மாரத்தஹள்ளி மாமி:
நான் விற்கவில்லை சார். நவராத்திரிக்குத் தாம்பூலப் பையில் ஒன்று வைப்பேன், அதோடு சரி.

இரண்டு வாலுகளின் அப்பா:
என் வீட்டில் காரம் வராது, அதில் மாற்றமில்லை. பையன்கள் பத்து வயதைத் தாண்டட்டும், பார்க்கலாம். ஆனால் மாமி, போன நவராத்திரிக்கு நீங்கள் கொடுத்த அந்தக் கட்டி வீட்டில் தீர்ந்துவிட்டது. மனைவி கேட்கச் சொன்னாள்.

மாரத்தஹள்ளி மாமி:
ஆசிட் சோப்பு கேட்கிறாளா? போன மாதம் ஊற்றியது ஆறு வாரம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. காத்திருக்கச் சொல்லுங்கள்.