எம்ஜிபி ஜிடி 1972: வயர் வீலை எடுத்துட்டு போல்ட் வீல் போடணும், பின் ஆக்சிலையும் மாத்தணுமா?

ராஸ்டைல்_ஆசை எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். 1972 எம்ஜிபி ஜிடி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்னை ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா ரெஸ்டோர் பண்ணிட்டிருக்கேன், பாடி வேலை முடிஞ்சுது, தரைத் தகடு ரெண்டு பக்கமும் புதுசா வெல்டிங் பண்ணியாச்சு, இப்பதான் வீல், சஸ்பென்ஷன்னு அடிப்பக்கம் வந்து நிக்கிறேன். வண்டி என் கைக்கு வரும்போதே வயர் வீல்தான் (சைக்கிள் மாதிரி கம்பி ஸ்போக் வச்சு, நடுவுல ஒரே நட்டு போட்டு மாட்டுறது) இருந்துச்சு. பார்க்க அழகுதான், ஆனா ஸ்போக்கை ஒவ்வொன்னா ஸ்பேனரால தட்டிப் பார்த்தா பாதி கணீர்னு சத்தம் வருது, மீதி டொக்குனு செத்த சத்தம். ஜாக்கி போட்டு, தம்பியை பிரேக்கை மிதிச்சுப் பிடிக்கச் சொல்லிட்டு பின் வீலை முன்னும் பின்னும் ஆட்டினா டக் டக்னு ஆடுது, ஸ்ப்ளைன் (வீலையும், அது உக்காருற ஹப்பையும் பூட்டுற பல் வரிசை) தேஞ்சுடுச்சுன்னு நினைக்கிறேன்.

அதனால போல்ட் வீலுக்கே (நாலு நட்டு போட்டு மாட்டுற சாதா வீல்) மாறிடலாம்னு முடிவு பண்ணி, 14க்கு 5 இஞ்ச் ராஸ்டைல் (அந்தக் காலத்து இரும்பு போல்ட் வீல்) அஞ்சு வீல் வாங்கி வச்சுட்டேன். வாங்கினதுக்கு அப்புறம்தான் வயர் வீல் வண்டிக்கு பின் ஆக்சிலே அகலம் கம்மின்னு படிச்சேன், அப்ப ஆக்சிலை முழுசா மாத்தித்தான் ஆகணுமா, இல்ல ஹப் மட்டும் மாத்தினா போதுமா?

ரெண்டாவது விஷயம், முன்னாடி கிங்பின்ல (ஸ்டியரிங் திருப்பும்போது வீல் திரும்புற அச்சு) ஆட்டம் இருக்கு, கீழ் விஷ்போன் (வீலைத் தாங்குற கை) புஷ் எல்லாம் பிஞ்சு தொங்குது, ஒரு பக்க லீவர் ஆர்ம் ஷாக்ல (கை மாதிரி ஆடுற பழைய வகை ஷாக் அப்சார்பர்) இருந்து எண்ணெய் வழியுது. எல்லாத்தையும் கழட்டத்தான் போறேன், அதோட டெலிஸ்கோப்பிக் (குழல் வகை) ஷாக்கா மாத்திடலாமா?

இன்னொன்னு, பின் சீட்ல யாராவது உக்காந்து பள்ளத்துல இறங்கினா இடது பின் டயர் மட்கார்டு விளிம்புல உரசுது. லீஃப் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்னு நினைச்சு அதையும் லிஸ்ட்ல சேர்த்துட்டேன்.

ஸ்பேனர்செட் பதில்:

ப்ரோ நீங்க படிச்சது சரிதான். வயர் வீல் வண்டியோட ஆக்சில் போல்ட் வீல் ஆக்சிலை விட மொத்தமா சுமார் ஒன்னே முக்கால் இஞ்ச் குட்டை, ஒரு பக்கத்துக்கு 22 மில்லிமீட்டர்னு வச்சுக்கோங்க. கேசிங், ஹாஃப் ஷாஃப்ட் (உள்ள சுத்துற தண்டு) ரெண்டுமே குட்டை. அதுல போல்ட் ஹப் போட்டா வீல் ரெண்டு பக்கமும் அந்த அளவுக்கு உள்ள போய் உக்காரும், பின்னாடி இருந்து பார்த்தா வண்டி சுருங்கின மாதிரி இருக்கும். ஸ்பேசர் போட்டு ஓட்டுறவங்க இருக்காங்க, எனக்கு அதுல மனசு ஒப்பாது. ஒழுங்கான வழின்னா போல்ட் வீல் வண்டியோட ஆக்சிலை முழுசா வாங்கி மாட்டுறதுதான். சாதாரண பி (எம்ஜிபி) எல்லாத்துலயும் ஆக்சில் கியர் ரேஷியோ 3.9தான், எட்டு சிலிண்டர் வி8 மாடலுக்குத்தான் 3.07, அதனால ஸ்பீடோமீட்டர் கவலை இல்ல. சாலிஸ்பரி (பிந்தின வகை) ஆக்சிலா பார்த்து வாங்குங்க, 1967க்கு முந்தின ரோட்ஸ்டர்ல வந்த பாஞ்சோ ஆக்சிலை வாங்கிடாதீங்க. ஹேண்ட்பிரேக் கேபிளையும் அதோட சேர்த்தே வாங்கிடுங்க, நீளம் ஒத்து வரணும்.

பழைய_பட்டறை பதில்:

தம்பி, ஆக்சிலுக்கு காசு கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. நீங்க கடைசியா போறபோக்குல சொன்ன விஷயம்தான் எனக்கு உறுத்துது.

ஃபேக்டரியில இருந்தே வயர் வீலோட வந்த வண்டியில பின் டயர் அவ்வளவு சுலபமா மட்கார்டுல உரசாது. ஆக்சிலை குட்டையா செஞ்சதே அதுக்குத்தான், ஸ்ப்ளைன் ஹப் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க, அந்த நீட்டலை ஆக்சில்ல குறைச்சு ஈடு கட்டியிருக்காங்க. உங்க டயர் உரசுதுன்னா, அதுவும் இடது பக்கம் உரசுதுன்னா (பி மாடல்ல பொதுவாவே இடது பக்கம்தான் இடம் கம்மி), யாரோ போல்ட் வீல் வண்டியில அடாப்டர் போட்டு வயர் வீல் மாட்டியிருக்கலாம். அடாப்டர்னா ஸ்ப்ளைன் வச்ச ஒரு குட்டி ஹப், அதை சாதா ஹப்போட நாலு ஸ்டட் (வீல் நட்டு ஏறுற மரைக் கம்பி) மேல வச்சு நட்டு போட்டு முறுக்கிடுவாங்க. அப்படின்னா உங்க வண்டியில இருக்குறது அகல ஆக்சில்தான், மாத்த வேண்டியதே இல்ல.

பார்க்குறது சுலபம், ஆனா முன் வீலைக் கழட்டிப் பாருங்க, பின்னாடி பார்த்தா குழம்பிடுவீங்க. ஒரிஜினல் வயர் ஹப்புலயும் பின் டிரம்மை நாலு நட்டுலதான் பிடிச்சிருப்பாங்க, போல்ட் வீல் வண்டியிலதான் டிரம்முக்கு ரெண்டு ஸ்குரூ. முன்னாடி அந்தக் குழப்பம் இல்ல. ஒரிஜினல்னா ஸ்ப்ளைனும் ஹப்பும் ஒரே துண்டு, வெளிப்பக்கம் நட்டே இருக்காது, பக்கவாட்டுல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா மூக்கு பிளையரை விட்டுத்தான் காட்டர் பின்னை (நட்டு கழலாம தடுக்குற கம்பி) உருவணும். அடாப்டர்னா ஸ்ப்ளைன் குழலைச் சுத்தி நாலு நட்டு கண்ணுக்கு நேரா தெரியும்.

நடு நட்டை வண்டி தரையில நிக்கும்போதே தளர்த்துங்க, செம்பு சுத்தியல் இல்லன்னா மர சுத்தியல், இரும்பு வேண்டாம். இடது பக்கம் சாதா மரை, வலது பக்கம் இடது மரை, அதாவது ரெண்டு பக்கமும் நட்டோட மேல்பகுதி வண்டியின் முன்பக்கமா போற மாதிரி தட்டினா கழலும். அதையும் ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க தம்பி, அடாப்டரை பக்கம் மாத்தி மாட்டியிருந்தா ஓடும்போதே நட்டு தானா கழண்டு வீல் தனியா போயிடும்.

ராஸ்டைல்_ஆசை எழுதியது:

அண்ணா, ராத்திரியே கழட்டிட்டேன். முன்னாடி நாலு நட்டு, நீங்க சொன்ன அதே மாதிரி. பின்னாடியும் டிரம் மேல தனியா ஒரு தடிச்ச வளையம் உக்காந்திருக்கு. நட்டைக் கழட்டி ரப்பர் சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினதும் அடாப்டர் கையோட வந்துடுச்சு, உள்ள சாதா ஹப்! அதாவது இந்த வண்டி பொறந்ததே போல்ட் வீலோடதான். ரெண்டு வருஷமா பக்கத்துலயே உக்காந்து வேலை பார்த்திருக்கேன், இப்பதான் தெரியுது.

ஆனா ஒரு சிக்கல். ஸ்டட்டை எல்லாம் கிரைண்டர் வச்சு வெட்டியிருக்காங்க, பதினாறும் குட்டை, ரெண்டுல மரையோட முனை நசுங்கியே போயிருக்கு. ராஸ்டைலை வச்சு நட்டு போட்டுப் பார்த்தேன், நாலு சுத்துல நின்னுடுது. பிடிச்சுத்தானே இருக்கு, இது போதுமா?

பழைய_பட்டறை பதில்:

போதாது தம்பி. அந்த ஸ்டட்டோட ஒரு அடி கூட வண்டியை நகத்தாதீங்க.

கணக்கு இதுதான். ஸ்டட் அரை இஞ்ச் யுஎன்எஃப் (நெருக்கமான மரை வகை), இஞ்சுக்கு 20 மரை. ஸ்டட் எவ்வளவு தடிமனோ குறைஞ்சது அவ்வளவு ஆழம் நட்டு ஏறியிருக்கணும்னு ஒரு பழைய அளவு உண்டு. அரை இஞ்ச் ஆழம்னா 10 முழு சுத்து. நீங்க சொல்ற நாலு சுத்துன்னா வெறும் 5 மில்லிமீட்டர் மரைதான் வீலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். வெட்டினவர் மேல தப்பு சொல்ல முடியாது, வயர் வீலோட முதுகுல ஸ்டட் முனை இடிக்கும்கிறதால அடாப்டர் போடுறப்ப வெட்டித்தான் ஆகணும். ஆனா திரும்பி போல்ட் வீலுக்கு வரும்போது பதினாறையும் மாத்தியே தீரணும்.

ஸ்டட் பின்னாடி இருந்து அழுத்திச் சொருகினது, அதனால ஹப் வெளிய வந்தாகணும். ஹப்புக்கு அடியில சப்போர்ட் கொடுத்து பிரஸ்ல வச்சு தள்ளுங்க. புது ஸ்டட்டை வீல் நட்டு போட்டு இழுத்து உக்கார வைக்கிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, தயவுசெஞ்சு வேண்டாம், புது மரை அங்கயே இழுபட்டு பலம் போயிடும்.

பின் ஹப் நட்டை 150 பவுண்ட் அடி டார்க்ல முறுக்கணும். காட்டர் பின் ஓட்டை நேரா வரலன்னா இன்னும் கொஞ்சம் முறுக்கி நேராக்குங்க, தளர்த்தி நேராக்காதீங்க. ஹப் வெளிய வந்த கையோட எண்ணெய் சீலையும் மாத்திடுங்க, இல்லன்னா கியர் எண்ணெய் பிரேக் ஷூவுல இறங்கும்.

முன் ஹப்பைப் பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா இதைத்தான் நிறைய பேர் தப்பா மாட்டுறாங்க. ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஒரு குழல் மாதிரி ஸ்பேசர் இருக்கும், அதோட மெல்லிசு ஷிம் (தகடு வளையம்) சில இருக்கும். பழகின கையா மத்த வண்டி மாதிரி நட்டை முறுக்கி கால் சுத்து தளர்த்தி விடலாம்னு அந்த ஸ்பேசரையும் ஷிம்மையும் தூக்கிப் போட்டுடுறாங்க. அப்படி தூக்கிப் போடவே கூடாது. நட்டை 40ல இருந்து 70 பவுண்ட் அடிக்குள்ள இறுக்கும்போது அந்த ஸ்பேசர்தான் ஸ்டப் ஆக்சிலோட (ஹப் உக்காருற குட்டித் தண்டு) சேர்ந்து ஒரே உடம்பா நின்னு வளையாம தாங்குது. அதை எடுத்துட்டா பாரம் முழுக்க ஒல்லியான ஸ்டப் ஆக்சில் மேலயே விழும்.

முதல்ல ஷிம் கொஞ்சம் அதிகமா போட்டு, கிரீஸ் இல்லாம மாட்டி முறுக்குங்க, டயல் கேஜ் வச்சு ஹப்பை வெளிய இழுத்து உள்ள தள்ளி எவ்வளவு ஆடுதுன்னு பாருங்க. இஞ்ச்ல ஆயிரத்துல 2ல இருந்து 4 வரைக்கும்தான் ஆட்டம் இருக்கணும். 9 காட்டினா ஆயிரத்துல 5 தடிமன் உள்ள ஷிம் ஒன்னை எடுங்க, 4க்கு வந்துடும். சரியா வந்தப்புறம் கழட்டி கிரீஸ் வச்சு மாட்டுங்க. நாலஞ்சு தடவை கழட்டி மாட்ட வேண்டி வரும், பொறுமையா செய்யுங்க.

வீல் நட்டும் ராஸ்டைலுக்கு உரியதா இருக்கட்டும். அலாய் வீலுக்கு வர்ற வாசர் வச்ச நீளக் கழுத்து நட்டு இதுல சரியா உக்காராது.

லீவர்_ஆர்ம் பதில்:

சஸ்பென்ஷன் கேள்விக்கு நான் சொல்றேன். டெலிஸ்கோப்பிக் வேண்டாம்கிறது என் கருத்து, முன்னாடி கண்டிப்பா வேண்டாம். இந்த வண்டியில லீவர் ஆர்ம் வெறும் ஷாக் இல்ல, மேல் விஷ்போனே அதுதான். டெலிஸ்கோப்பிக் கிட் போட்டாலும் அந்தப் பழைய லீவர் அப்படியே இருக்கும், உள்ள வால்வை எடுத்துட்டு வெறும் கையா விட்டுடுவாங்க, அதோட பேரிங் தேஞ்சிருந்தா கேம்பர் (வீல் சாய்வு) ஆடுறது ஆடிக்கிட்டேதான் இருக்கும். அந்தக் காசுக்கு லீவர் ரெண்டையும் ரீகண்டிஷன் பண்ணி வாங்கிப் போடுங்க. நல்ல லீவர் போட்டு ஓட்டாதவங்கதான் அதைக் குறை சொல்றாங்க.

கழட்டும்போது உயிர் முக்கியம், காயில் ஸ்பிரிங் அமுங்கின நிலையில இருக்கு. வண்டியை சேஸிஸ்ல ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு ஸ்பிரிங் பேனுக்கு (ஸ்பிரிங் உக்காருற தட்டு) அடியில ஜாக்கி கொடுங்க, அப்புறம்தான் மேல் ட்ரன்னியன் (கிங்பின்னை லீவரோட இணைக்குற மூட்டு) போல்ட்டுல கை வைக்கணும். நான் செய்றது, பேனோட போல்ட்டுல ரெண்டை எடுத்துட்டு அந்த இடத்துல நீள மரைக் கம்பி ரெண்டு போட்டுக்குவேன், மத்ததைக் கழட்டிட்டு கம்பியில இருக்குற நட்டை மாத்தி மாத்தி தளர்த்தினா பேன் பதமா கீழ இறங்கும்.

கீழ் விஷ்போனுக்கு ஜிடி வி8ல வந்த புஷ் போடுங்க, ரப்பரும் இரும்புக் குழலும் ஒட்டி வார்த்தது, வருஷக்கணக்கா வரும். ஆனா வண்டி வீல்ல நின்னு முழு பாரமும் இறங்கின பிறகுதான் அந்த நட்டை இறுக்கணும். ஜாக்கியில தொங்கும்போதே இறுக்கிட்டா, வண்டியை இறக்கினதும் ரப்பர் முறுக்கின நிலையிலேயே நிக்கும், சீக்கிரமே கிழியும், வண்டியும் முன்னாடி தூக்கிக்கிட்டு நிக்கும். லீஃப் ஸ்பிரிங் முன் கண் போல்ட்டுக்கும் இதே கதைதான்.

கிங்பின் புஷ் அழுத்திச் சொருகினதும் ரீமர் விட்டு அளவுக்குக் கொண்டு வரணும், அதுக்குக் கருவி இல்லன்னா முழு ஸ்டப் ஆக்சிலாவே மாத்தி வாங்கிடுங்க. மாட்டினப்புறம் கிரீஸ், ஒரு பக்கத்துக்கு மூணு நிப்பிள், 3000 மைலுக்கு ஒரு தடவை, அதுவும் வீல் தரையில படாம தொங்கும்போது அடிங்க, அப்பதான் பாரம் தாங்குற இடத்துக்குள்ள கிரீஸ் போகும்.

ஸ்பேனர்செட் பதில்:

பட்டறை அண்ணா சொன்ன மட்கார்டு விஷயத்தை நான் கவனிக்கவே இல்ல, நல்லவேளை ஆக்சில் வாங்கிடல. லீவர் விஷயத்துல மட்டும் ஒரு சின்ன மாற்றுக் கருத்து, பின்னாடி டெலிஸ்கோப்பிக் கிட் போட்டு நான் ஓட்டுறேன், நல்லாத்தான் இருக்கு, பின்னாடி லீவர் எந்த விஷ்போன் வேலையும் செய்யறதில்லையே. முன்னாடி லீவரே இருக்கட்டும், அதுல நானும் அதே கட்சிதான். அப்புறம் காயில் ஸ்பிரிங் வாங்கினா குரோம் பம்பர் வண்டிக்குன்னு கேட்டு வாங்குங்க, 1974 கடைசியில ரப்பர் பம்பர் வந்தப்ப வண்டியை கொஞ்சம் உயர்த்திட்டாங்க, ஸ்பிரிங் வேற.

ராஸ்டைல்_ஆசை எழுதியது:

மூணு வாரம் ஆச்சு, வேலை முடிஞ்சுது. பதினாறு ஸ்டட்டும் புதுசு, நட்டு இப்ப பன்னிரண்டு சுத்து ஏறுது, எண்ணிப் பார்த்துட்டேன். வலது முன் ஹப்புல ஸ்பேசரே இல்ல, யாரோ ஏற்கெனவே தூக்கிப் போட்டிருக்காங்க, அதை வாங்கிப் போட்டு அஞ்சாவது தடவையில ஆயிரத்துல 3 வந்துச்சு. லீவர் ரெண்டும் ரீகண்டிஷன் பண்ணினது, வி8 புஷ்ஷை வண்டியை இறக்கி ரெண்டு தடவை அமுக்கி விட்டப்புறம்தான் இறுக்கினேன்.

இடது பின் டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவுல முன்னாடி சுண்டுவிரல் நுழையாது, இப்ப ரெண்டு விரல் தாராளமா போகுது. தம்பியையும் அவன் ஃப்ரெண்டையும் பின்னாடி உக்கார வச்சு அதே பள்ளத்துல இறக்கிப் பார்த்தேன், சத்தமே இல்ல. லீஃப் ஸ்பிரிங் நல்லாத்தான் இருந்திருக்கு, லிஸ்ட்ல இருந்து அடிச்சுட்டேன்.

பழைய_பட்டறை பதில்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. 50 மைல் ஓடினதும் வீல் நட்டை ஒரு தடவை 60ல இருந்து 65 பவுண்ட் அடிக்கு டார்க் ரெஞ்சு வச்சு பார்த்துடுங்க, புது ஸ்டட் கொஞ்சம் உக்காரும். அந்த அடாப்டரையும் தூக்கிப் போடாதீங்க, எந்தப் பக்கத்துதுன்னு பெயிண்ட்ல எழுதி வைங்க.