30 கி.மீ. உயரத்தில் காற்றழுத்தம் அட்டவணையோடு ஒத்துவரவில்லை: உதவி தேவை

கேள்வி
வணக்கம். ஆய்வு ராக்கெட் ஒன்றின் பாதையைக் கணிப்பதற்காக, 1976ஆம் ஆண்டின் அமெரிக்கத் திட்ட வளிமண்டல மாதிரியை (US Standard Atmosphere; உயரத்துக்கேற்ப காற்றின் சராசரி வெப்பநிலை, அழுத்தம், அடர்த்தியைத் தருவது) நிரலாக எழுதி வருகிறேன். கடல் மட்டத்தில் 288.15 கெல்வின், 101325 பாஸ்கல்; 11 கி.மீ. வரை கிலோமீட்டருக்கு 6.5 கெல்வின் இறக்கம், 20 கி.மீ. வரை மாறாத 216.65 கெல்வின், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 1 கெல்வின் ஏற்றம் என அடுக்கடுக்காகவே எழுதியிருக்கிறேன். ஆனாலும் 30 கி.மீ.யில் எனக்கு 1172 பாஸ்கல் வருகிறது. அம்மாதிரியின் அட்டவணையிலோ 1197 என்று இருக்கிறது. 5 கி.மீ.யில் 54020, 54048 என்ற சிறு வித்தியாசம்தான் என்பதால், தசமத் திருத்தப் பிழை என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகு, மேலே போகப் போக ஈர்ப்பு முடுக்கம் குறையுமே என்று எண்ணி, 9.80665-க்குப் பதிலாக 30 கி.மீ.க்குரிய 9.715-ஐ எல்லா அடுக்குகளிலும் இட்டேன். அழுத்தம் 1222 ஆக ஏறிவிட்டது. தவறு எங்கே இருக்கிறது?

மறுமொழி 1
காற்றின் அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலையை இணைக்கும் வளிமாறிலியை 287 என்று சுருக்கியிருந்தால் 287.053 ஆக்கிப் பாருங்கள். ஆயினும் அதனால் ஒரு பாஸ்கல் அளவே மாறும். 25 பாஸ்கல் விலகலுக்கு அது காரணமாகாது.

மறுமொழி 2
உங்கள் சூத்திரமும் சரி, அட்டவணையும் சரி. இரண்டும் வெவ்வேறு உயரங்களைக் குறிக்கின்றன. இந்த மாதிரியின் அடுக்குகள், ஈர்ப்பு முடுக்கத்தை 9.80665 என்றே நிறுத்திவைத்து, அது குறைவதை உயரத்துக்குள்ளேயே அடக்கிவிடும் ஜியோபொட்டென்ஷியல் உயரத்தில் வரையறுக்கப்பட்டவை. நீங்கள் பார்த்த அட்டவணை வடிவியல் உயரத்துக்கானது, அதாவது கடல் மட்டத்திலிருந்து அளக்கும் உண்மையான உயரத்துக்கானது. வடிவியல் உயரத்தை 6356.766 கி.மீ. என்ற புவி ஆரத்தால் பெருக்கி, அந்த ஆரமும் உயரமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், 30 கி.மீ. என்பது 29.859 கி.மீ. ஆகும். அங்கே ஏறத்தாழ 6.6 கி.மீ.க்கு ஒருமுறை அழுத்தம் 2.718-இல் ஒரு பங்காகக் குறைவதால், இந்த 141 மீட்டரே 2 விழுக்காட்டுப் பிழையாகிறது. 9.715 பொருந்தாததற்கும் காரணம் உண்டு: உச்சியில் மட்டுமே உள்ள ஈர்ப்பைத் தரையிலிருந்தே நிலவுவதாகக் கொண்டதால், திருத்தம் இரு மடங்காகிவிட்டது.

உயரத்தை மாற்றிய பின் அழுத்தச் சூத்திரத்தில் 9.80665-ஐத் தொடவே வேண்டாம். ராக்கெட்டின் இயக்கச் சமன்பாட்டில் மட்டும் உயரத்தோடு குறையும் ஈர்ப்பையே இட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். அடுக்கு எல்லைகளும் ஜியோபொட்டென்ஷியல் உயரங்களே என்பதால், 20 கி.மீ. எல்லை வடிவியல் உயரத்தில் 20.063 கி.மீ.யில் வரும்.

கேட்டவர்
மிக்க நன்றி. இப்போது 226.51 கெல்வினும் 1197 பாஸ்கலும் வருகின்றன. அடர்த்தி கன மீட்டருக்கு 0.01801 கிலோகிராமிலிருந்து 0.01841 ஆகியிருக்கிறது. ஏவுமிடம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தால் இதே மாதிரி போதுமா?

மறுமொழி 2
முதல் வடிவமைப்புக்குப் போதும், ஏவும் நாளுக்குப் போதாது. இம்மாதிரி நடு அகலாங்குகளின் சராசரி நிலையைக் காட்டுவது. வெப்பமண்டலத்தில் வெப்பநிலை இறக்கம் 11 கி.மீ.யில் நிற்காமல் 16, 17 கி.மீ. வரை தொடர்கிறது. ஆகவே ரேடியோசோண்டு (காற்றின் நிலையை அளந்து வானொலி வழியே அனுப்பும் கருவி) பலூன் அளவீடுகளை உள்ளிடும் வசதியை நிரலில் இப்போதே வைத்துவிடுங்கள்.