சின்ன வயசுக் கிறிஸ்மஸைக் கழித்துவிட்டால் விசுவாசத்தில் என்ன மிச்சம்?

நாசரேத்துக்காரன்:
சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபை. டிசம்பர் வந்தால் ராத்திரியெல்லாம் கேரல் ரவுண்ட்ஸ், டோலக்கை அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடி, கடைசி வீட்டில் சுக்குக் காப்பி குடித்துவிட்டுப் படுக்கும்போது மணி மூன்று ஆகியிருக்கும். 25ஆம் தேதி விடியுமுன் ஆராதனை. புதுச்சட்டைக் காலர் கழுத்தை அறுக்க, ஐயர் (எங்கள் சபைப் போதகர்) பிரசங்கத்தில் தூங்கி வழிவேன். அப்புறம் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தட்டில் வைத்துத் துணி மூடி அடுத்த தெருவுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அந்த வீட்டு ஆச்சி விபூதிக் கையோடு வாங்கிக்கொண்டு, தட்டை வெறுமனே தராமல் ஒரு பிடி சீனி போட்டுத்தான் திருப்பித் தருவார்.

இப்போது சென்னை. மத்தேயு, லூக்கா சுவிசேஷங்களை நிதானமாகப் படித்தபோதுதான் கவனித்தேன், பாலகனைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவேயில்லை, லூக்காவில் முன்னணை (தீவனத் தொட்டி) உண்டு, மாட்டுத்தொழுவம் என்ற பேச்சே இல்லை. சண்டே ஸ்கூல் நாடகத்தில் பார்த்த கிறிஸ்மஸ் வேறு, வேதத்தில் இருப்பது வேறு. அந்தப் பாட்டையும் பலகாரத்தையும் கழித்துவிட்டால் என்னிடம் விசுவாசம் என்று ஏதாவது மிஞ்சுமா, இல்லை இது ஊர் ஞாபகம் மட்டும்தானா? உங்களுக்கெல்லாம் எப்படி?

முத்துக்குளித்துறை:
ஏன் கழிக்கணும் என்று எனக்குப் புரியவில்லை. நாங்கள் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். எங்கள் வீட்டில் குடில் கட்டுவது அப்பா வேலை: செம்மண், வைக்கோல், பச்சைக்கு முளைவிட்ட கேழ்வரகு. மாதா, சூசையப்பர், ஆடுமாடு எல்லாம் முன்கூட்டியே வந்துவிடும், பாலன் சொரூபம் மட்டும் பீரோவுக்குள். நடுச்சாமப் பூசைக்குப் போய்விட்டு வந்துதான் வைப்பார், அதற்கு முன் தொட்டால் தலையில் கொட்டு. திருவருகைக்காலம், அதாவது கிறிஸ்மஸுக்கு முன் காத்திருக்கும் வாரங்கள், என்றால் என்ன என்று மறைக்கல்வி வகுப்பில் ஏறாதது அந்தக் காலித் தொட்டியைப் பார்த்துத்தான் ஏறியது. தொழுவம் லூக்காவில் இல்லைதான். 1223இல் இத்தாலியின் கிரெச்சோவில் பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டுவந்து வைத்தது, பெத்லகேம் ஏழ்மையை ஜனங்கள் கண்ணால் பார்க்கட்டும் என்றுதானே.

மேலறை:
நான் எதிர்க்கட்சி. பெந்தெகொஸ்தே, எங்கள் சபையில் கிறிஸ்மஸே கிடையாது. வேதத்தில் தேதி இல்லை, 25 என்பதே ரோமில் 4ஆம் நூற்றாண்டுப் பதிவில்தான் தெரிகிறது என்பார் அப்பா. தெருவில் எங்கள் வீட்டில் மட்டும் ஸ்டார் இருக்காது, அதற்காக அழுதிருக்கிறேன். அப்படியும் விசுவாசம் வந்தது, விடியற்காலையில் அம்மா முழங்காலில் நின்று ஜெபிக்கிற சத்தத்தில் வந்தது. அதுவும் சின்ன வயசு ஞாபகம்தானே என்று மடக்கலாம், மடக்குங்கள். ஆனால் அம்மா ஜெபம் என்னை மனந்திரும்ப வைத்தது, முந்திரிக்கொத்து உங்களை என்ன செய்ய வைத்தது? அதைப் பாருங்கள் முதலில்.

குமரிக்கரை:
எனக்கு ஞாபகம் வேறு மாதிரி. 2004, கடற்கரை ஊர். கிறிஸ்மஸ் சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு காலையில் சுனாமி. எங்கள் தெருவில் ஸ்டார் கட்டிய வீடுகள் பாதி இல்லை. கூடப் படித்தவர்கள் போனார்கள். அடுத்த வருஷம் யாரும் ஸ்டார் கட்டவில்லை, பூசை மட்டும். அதற்கடுத்த வருஷம் அம்மா முதல் ஆளாகக் கட்டினார், பக்கத்து வீட்டு அக்கா வந்து சண்டை போட்டார், அம்மா பதில் பேசாமல் பல்பை மாட்டினார். கடவுள்மேல் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, ஆனால் இல்லாத ஆளிடம் இப்படிக் கோபப்பட முடியாது. இதை விசுவாசம் என்று எடுத்துக்கொள்வீர்களோ மாட்டீர்களோ, என்னிடம் இருப்பது இதுதான்.

நாசரேத்துக்காரன்:
குமரிக்கரை, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத ஓடவில்லை. மேலறை, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. தீபாவளிக்குத் தட்டு வந்தால் வாங்காதே என்று சபையில் ஒருவர் சொன்னபோது, போங்கண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன், அந்த ஆச்சியை நினைத்துத்தான். இதைக் கணக்கில் சேர்ப்பீர்களா தெரியவில்லை.

முத்துக்குளித்துறை, பையன் இந்த வருஷம் குடில் வேண்டும் என்கிறான். கேழ்வரகை எப்போது விதைக்கணும்?

முத்துக்குளித்துறை:
ஒரு ராத்திரி ஊறப்போட்டு டிசம்பர் 14, 15 வாக்கில் தட்டில் தூவுங்கள். தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றினால் அழுகிவிடும்.