எலி வேண்டாமாம், கணினி போதுமாம்!

உப்புவெளியான்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "இரசாயனத்தின் அமைப்பைக் கணினியில் போட்டால் நஞ்சா இல்லையா என்று அதுவே சொல்லும், இனி எலியும் முயலும் தேவையில்லை." வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. நிலாவெளியில் பத்து வருடம் வெங்காயத்துக்கு மருந்து அடித்தவன் நான். டாங்கியின் மூடி கசிந்து முதுகு தோலுரிந்த கதையை எந்தக் கணினியில் போடுவது?

கோணமலை: எழுதியது நான்தான். 2018இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹார்ட்டுங் என்ற ஆய்வாளரின் குழு செய்த மென்பொருள் ஒன்பது வகைச் சோதனைகளில் சராசரியாக 87 சதவீதம் சரியாகக் கணித்தது. அதே இரசாயனத்தைத் திரும்ப விலங்கில் சோதித்தால் பழைய விடையே வருவது 81 சதவீதம்தான். 87 பெரிதா, 81 பெரிதா?

உப்புவெளியான்: கணக்குத் தெரியும் தம்பி. அந்த 87ஐ எதை வைத்துச் சரி பார்த்தார்கள்? பழைய விலங்குச் சோதனை முடிவுகளை வைத்து. எலியின் கொப்பியைப் பார்த்து எழுதிவிட்டு எலியை விட நான் கெட்டிக்காரன் என்கிறது.

கோணமலை: செத்த எலி செத்ததுதான். ஒரே மாதிரி அமைப்புள்ளவை பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்கும். இருக்கிற தரவை வைத்துப் புதியதைக் கணித்தால் இன்னொரு கூண்டு எலி மிஞ்சும்.

உப்புவெளியான்: அப்போ வாத்தியார் எலிதானே?

கிண்ணியாக்காரி: கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த தலிடோமைட் மருந்தில் உங்கள் வாத்தியார் ஃபெயில் அண்ணன். எலிக்குட்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, மனிதப் பிள்ளைகள் கைகால் இல்லாமல் பிறந்தன. நாம் காய்ச்சலுக்குப் போடும் பனடோல் பூனையைக் கொன்றுவிடும், தெரியுமா?

உப்புவெளியான்: முயலில் அந்த ஊனம் வந்ததே, தங்கச்சி. முயல் என்ன கணினியா?

மூதூர் மாஸ்டர்: இரண்டு பேரும் ஈரலை மறந்துவிட்டீர்கள். பரத்தியோன் என்ற பூச்சி மருந்து ஈரலில் பரொக்சோன் என்ற கடும் நஞ்சாக மாறித்தான் ஆளைக் கவிழ்க்கும். போத்தலில் இருக்கும் அமைப்பை மட்டும் பார்த்தால் போதாது.

கோணமலை: ஓ.ஈ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு இலவசமாகத் தரும் கணினிக் கருவியில் அந்த மாற்றத்தைக் கணிக்கும் பகுதியும் உண்டு, மாஸ்டர். ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனத்துக்காக விலங்கில் சோதித்த பொருளை 2013இலிருந்து விற்கவே முடியாது.

உப்புவெளியான்: முகத்துக்குப் பூசும் கிரீமும் பூச்சி மருந்தும் ஒன்றா? கொழும்பில் ஏசிக்குள் இருந்துகொண்டு பெயர் மட்டும் கோணமலை!

கோணமலை: நான் எங்கே இருந்தால் உங்களுக்கு என்ன? மருந்து அடிக்கும்போது கையுறை போட்டீர்களா, அதைச் சொல்லுங்கள்.

உப்புவெளியான்: மத்தியான வெயிலில் நிலாவெளி மணலில் நின்று ஒருநாள் போட்டுப் பாரும். அப்புறம் பேசலாம்.

கிண்ணியாக்காரி: எலிக்கு இவ்வளவு இரக்கம் சரி. திருகோணமலைக் கோட்டையடி மான்கள் பொலித்தீன் பையைத் தின்கின்றன, அதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூதூர் மாஸ்டர்: மானுக்குச் சோறு வைத்துப் பழக்கியதே நீங்கள் எல்லாரும்தான்.

கிண்ணியாக்காரி: நானா? நான் ஒருநாளும் வைத்ததில்லை! மாஸ்டர், போன முறையும் இப்படித்தான் என் தலையில் கட்டினீர்கள்.

கோணமலை: மான் கதைக்கு வேறு இழை தொடங்குங்கள்.

உப்புவெளியான்: தொடங்கட்டும். நீர் முதலில் அந்த 87ஐச் சரி பார்த்தது எலியா இல்லையா என்று சொல்லும்.